எழுதாமல் விட்ட காம்பு

நான்கு மாதம் எங்கள் தெருவில் என்னைக் கண்டால் எல்லோருக்கும் உதறல். வாரத்தில் ஒருநாள், காலையிலும் மாலையிலும், தொங்கு தராசு ஒன்றையும் நீள நோட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மாட்டுக் கொட்டகைகளுக்குள் நுழைவேன். கறந்த பாலை வாளியோடு தராசில் மாட்டி, வாளியின் எடையைக் கழித்து, அந்த மாட்டுக்கு நேரே எழுதுவேன். அவ்வளவுதான் வேலை. ஆனால் நான் எழுதி முடிக்கும்வரை கறந்தவர் மூச்சு விடமாட்டார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற டீச்சர் முன்னால் நிற்பதுபோல நிற்பார். எனக்கு அது பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் செய்த காரியம் உங்களுக்கு விளங்காது.

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஆண்களில் பாதிப்பேர் உப்பளத்தில், பெண்களில் பாதிப்பேர் மாட்டோடு. காற்றிலும் உப்பு, போர் தண்ணீரிலும் உப்பு. இதையெல்லாம் தாங்கிக்கொண்டு எந்த இன மாடு எவ்வளவு கறக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க, கால்நடை மருத்துவக் கல்லூரியில் மேல்படிப்புப் படிக்கும் ஒரு பெண் வந்தாள். நாட்டு மாடு மூன்று, ஜெர்சி கலப்பு ஐந்து, எச்.எஃப். என்று சொல்கிற கருப்பு வெள்ளை மாடு நான்கு என்று பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தாள். மாதம் ஒருமுறைதான் அவளால் வர முடியும். வாராவாரம் அளந்து எழுத உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும் என்று பால் சொசைட்டியில் கேட்டபோது, ப்ளஸ் டூ முடித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைக் காட்டிவிட்டார்கள். அவள் என்னை மேடம் என்று கூப்பிட்டாள். அதற்கு முன்னால் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, கேஸ் சிலிண்டர் புக் செய்யும்போது வருகிற குரலைத் தவிர.

முதல் நாளே அவள் பொறுமையாக எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். கறக்கிற நேரம் எழுத வேண்டும். தீவனம் எழுத வேண்டும். கன்றுக்கு விடுகிற பாலையும் கடைசிப் பத்தியில் குறிக்க வேண்டும். நான் தலையாட்டினேன். கன்று முதலில் நான்கு இழுப்பு இழுத்தால்தான் மாடு பால் இறக்கும், அதைப் போய் எழுதுவதா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். நான் என் பிறந்த ஊரான பிரம்மதேசத்தில் மாடு கன்றுக்கு நடுவே வளர்ந்தவள். அந்தப் பத்தியில் எல்லா மாட்டுக்கும் ஒரு கோடு போட்டு வந்தேன்.

அந்த ஐந்து ஜெர்சிகளில் ஒன்று என் நாத்தனாருடையது. என் கணவருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள், நாலு வீடு தள்ளி இருக்கிறாள். வாயைத் திறந்தால் ஊசி மிளகாய். நான் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் என் குழம்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, பிரம்மதேசத்தில் உப்பே கிடையாதா என்று பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எல்லாம் கேட்கும்படி கேட்டாள். உப்பளத்து ஊரில் வந்து உப்பில்லாமல் சமைத்தவள் என்ற பெயர் எனக்குப் பத்து வருடம் ஓடியது. கோலம் போட்டால் ஒரு குறை, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்தால் ஒரு குறை. இருபது வருடத்தில் அவள் என்னைத் திட்டாத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் மாட்டிடம் அவள் வேறு ஆள். செம்பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளை. அதைக் கன்றாக வாங்கி அவளே வளர்த்தாள். புரட்டாசியில் அது கிடேரிக் கன்று ஈன்றது. தாய்க்கும் கன்றுக்கும் தவிடு பிசையும்போது அவள் பேசுகிற குரலை அவள் கணவரே கேட்டிருக்க மாட்டார். அவர் உப்பளத்தில் மேஸ்திரி. நான் அண்ணன் என்று கூப்பிடுகிற மனிதர். விடியற்காலையில் உப்புப் பாத்திக்குப் போனால் வெயில் ஏறித்தான் வருவார். கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கிற வழக்கமே கிடையாது. மாடு ஈன்றது, பால் சொசைட்டிக்குப் போகிறது, அவருக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

ஐப்பசியில் தொடங்கி, மழையெல்லாம் பார்த்து, தை முடிகிற வரைக்கும் அளந்தோம். ஒரு வியாழக்கிழமை மாலை அந்தப் பெண் வந்து, பால் சொசைட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கணக்கை வாசித்தாள். எச்.எஃப். மாடுகள் ஒரு நாளைக்கு ஒன்பது கிலோ, சில நாள் அதற்கும் மேல். ஜெர்சிகள் ஏழை ஒட்டி. நாட்டு மாடுகள் இரண்டு, இரண்டரை. நாத்தனார் மாடு மட்டும் ஜெர்சிகளில் தனியாகக் கீழே கிடந்தது. ஐந்தேகால். எல்லோரும் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார்கள். உப்பைத் தின்று உப்பைக் கறக்குது போல என்று யாரோ சொல்ல, கூட்டமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நாற்பது பேரை வேலை வாங்குகிற மனிதர். அப்படி ஒரு சிரிப்பு அவருக்குப் பழக்கமில்லை.

வீட்டுக்குப் போன கையோடு வியாபாரிக்குப் போன் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டி வரும், தாயும் கன்றுமாக ஏற்றிவிட வேண்டும், அடுத்த வாரம் கருப்பு வெள்ளை மாடு ஒன்று வரும். முடிந்தது. நாத்தனார் முடியாது என்றாள். சத்தம் என் வீடு வரை கேட்டது. அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள், படித்த பெண் வாசித்திருக்கிறாள், நீ உன் மாட்டுக்குப் பரிந்துகொண்டு வராதே என்று அவர் கத்தினார். என் கணவர் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே திரும்பி நின்று புன்னகைத்தேன். ஆமாம், புன்னகைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை தராசுக் கொக்கி ஒன்று அவள் கொட்டகையில் விட்டுப்போயிருந்தது. எடுக்கப் போனேன். அவள் கறந்து முடித்து வாளியோடு எழுந்து போய்விட்டாள். கன்று அவிழ்த்து விடப்பட்டிருந்தது. அது நேராகப் போய்ப் பின்பக்கத்து வலது காம்பைப் பிடித்தது. நான் கொக்கியைத் தேடிக்கொண்டே பார்த்தேன். பால் வடிந்து, அது முட்டி முட்டி, வாயோரம் நுரை கட்டியது. முன்காம்புகள் வற்றித் தொங்கின. பின்பக்கத்து அந்த ஒன்று மட்டும் கையளவு திமிறிக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரம் குடித்தது தெரியுமா? நான் அப்படியே நின்றுவிட்டேன்.

இதில் விளங்காதது எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் கன்றுக்கென்று ஒரு காம்பை விட்டுக் கறப்பது காலகாலமாக இருக்கிற வழக்கம். என் அம்மா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அளக்கிற நாளில் மற்றவர்கள் யாரும் விடவில்லை. நான் தராசோடு வருகிறேன் என்றால், மற்ற ஜெர்சிக்காரர்கள் கன்றைத் தள்ளிக் கட்டிவிட்டு நான்கு காம்பையும் ஒட்டக் கறந்து வாளியை நீட்டினார்கள். எச்.எஃப். கன்றுகளுக்கோ முதலிலிருந்தே வாளிப் பால்தான், அதுவும் அளந்த பிறகு. இவள் ஒருத்திதான் அளக்கிற நாள், அளக்காத நாள் என்று பார்க்காமல் மூன்று காம்பு கறந்துவிட்டு எழுந்துபோயிருக்கிறாள். நான்கு மாதம் பக்கத்திலேயே நின்று நான் பார்த்திருக்கிறேன். அது எனக்குத் தினம் பார்க்கிற காட்சி, அதனாலேயே கண்ணில் படவில்லை. எழுதச் சொன்ன பத்தியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். பின்காம்பு எப்போதும் கூடுதலாகத்தான் சுரக்கும். நான்கையும் கறந்திருந்தால் ஏழரைக்குக் குறையாது. ஐந்து ஜெர்சிகளிலும் முதல் மாடு அவளுடையதுதான். நான் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஏன் போட்டேன்? அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தேன். அவள் முதல் நாளே சொல்லிக்கொடுத்ததை நான் கோட்டைவிட்டேன் என்று ஊருக்குத் தெரிந்தால் மேடம் பட்டமெல்லாம் அன்றோடு சரி. அது ஒரு காரணம், சொல்லிக்கொள்ளத்தக்க காரணம். இன்னொன்று, நாத்தனார் கடைசியாக வந்தது எனக்கு இனித்தது. இருபது வருடம் குறை சொன்ன வாய்க்கு ஒரு எண் பதில் சொல்லியிருக்கிறது, அதை நான் ஏன் அழிக்க வேண்டும் என்று இருந்தது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால் பின்னதுதான். வெட்கமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை மதியம் நாத்தனார் என் வீட்டுக்கு வந்தாள். விசேஷம் என்றால் தவிர அவள் என் வாசல் மிதிப்பதில்லை. உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். காபி போட்டு வைத்தேன், தொடவில்லை.

"அந்த நோட்ட ஒரு தபா காட்டு" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். அவள் மாட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எட்டாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டாமலே படிப்பாள். விரலைக் கடைசிப் பத்திக்குக் கொண்டுபோனாள். அங்கே கோடு, கோடு, கோடு. அந்த விரல் மெதுவாகக் கீழே இறங்கியது. நான் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன். நோட்டை மூடி என்னிடம் நீட்டினாள்.

"எல்லாம் சரியா எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன் அண்ணி."

அவள் உடனே எழுந்துவிடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அவ்வளவு நேரம் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்ததை நான் பார்த்ததில்லை. நான் பாத்திரத்தை நகர்த்துவதுபோல அந்தப் பக்கம் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் தெருவில் போய்க்கொண்டிருந்தாள். காபியில் ஆடை கட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் குட்டியானை வண்டி வந்தது. மாடு பலகையில் காலை வைக்க மறுத்தது. வியாபாரியின் ஆள் வாலை முறுக்கப் போனான். நாத்தனார் அவன் கையைத் தட்டிவிட்டு, தானே முன்னால் ஏறி நின்று நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டாள். அது பின்னாலேயே ஏறிவிட்டது. கன்றைத் தூக்கிக் கொடுத்தார்கள், வாங்கி நிறுத்திவிட்டு அவள் இறங்கினாள். நான் படலுக்கு வெளியே நின்றிருந்தேன். அண்ணே, கொஞ்சம் நில்லுங்க என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். டிரைவர் பின்கதவின் சங்கிலியை மாட்டினான், கயிற்றை இழுத்துக் கட்டினான், பீடி பற்றவைத்தான், கண்ணாடியைத் துடைத்தான். எனக்கு நேரம் இல்லை என்று சொல்லவே முடியாது. வண்டி திண்டிவனம் ரோட்டைப் பார்த்துத் திரும்பியது. நாத்தனார் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கருப்பு வெள்ளை மாடு வந்தது. பெரிய உருவம், மடி தரையைத் தொடும் போலிருந்தது. மாசி முழுக்க அது கறந்த கறவையில் மேஸ்திரி அண்ணன் கேனைத் தானே தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போனார். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. பார், நல்லதுதானே நடந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பங்குனியில் மனசு கேட்காமல், கல்லூரிப் பெண்ணுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கோபப்படவே இல்லை. அந்த ஒரு மாட்டை மட்டும் அட்டவணையிலிருந்து எடுத்துவிடலாம், ஒன்று போனால் முடிவு மாறாது, கவலைப்படாதீங்க மேடம் என்றாள். ஒரு வரியை அடித்தால் அவளுக்கு வேலை முடிந்தது. போனை வைத்தபோது பாரம் இறங்கியதுபோல இருந்தது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல், சொல்ல எளிதான இடத்தில் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

சித்திரையில் வெயில் ஏறியது. பாத்திகளில் உப்பு பூத்து, கண்ணைத் திறக்க முடியாமல் வெளிச்சம் அடித்தது. போர் தண்ணீர் முன்னைவிடக் கரித்தது. மாடு தொட்டியில் மூக்கை வைத்து, ஊதிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒன்பது ஏழானது, ஏழு ஐந்தானது, பிறகு நாலு. தீனி குறைந்தது. பகல் முழுக்க நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தது. நாங்கள் அளந்ததெல்லாம் மழையிலும் பனியிலும்தான். இந்த வெயிலை யாரும் அளக்கவில்லை.

கத்திரி தொடங்கிய வாரம், மதியம் ஒரு மணி இருக்கும். நாத்தனாரிடமிருந்து போன். "வா" என்று மட்டும் சொன்னாள். செருப்பு போடாமல் ஓடினேன். மாடு காலை நீட்டிப் படுத்துக் கிடந்தது. வாய் திறந்து, எச்சில் கயிறாக வழிந்து, விலா துருத்திபோல ஏறி இறங்கியது. தொட்டால் உடம்பு அனலாகச் சுட்டது. மேஸ்திரி அண்ணன் உப்பளத்தில், போன் எடுக்கவில்லை. மாட்டு டாக்டர் அனுமந்தையில் முகாமில் இருந்தார். வர இரண்டு மணி நேரமாகும், அதுவரைக்கும் தலையிலும் கழுத்திலும் தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றுங்கள், சாக்கை நனைத்துப் போடுங்கள், ஊற்றுவதை விட்டால் போய்விடும் என்றார்.

போர் மோட்டார் ஓடவில்லை, கரண்ட் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற குடிதண்ணீரைப் பிடித்து வைத்திருந்த குடங்களைத் தூக்கி வந்தோம். அவள் வீட்டுக் குடங்கள் தீர்ந்ததும் என் வீட்டுக் குடங்கள், பிறகு பக்கத்து வீடு. மீன் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா, பெட்டியில் மீந்த ஐஸை அப்படியே கொட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதைத் துணியில் கட்டி மாட்டின் நெற்றியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஒரு கட்டத்தில் மாட்டின் கண் மேலே செருகியது. நாத்தனார் அதன் கன்னத்தில் அறைந்தாள். "ஏந்திரு, ஏந்திருடி" என்று அறைந்துகொண்டே தண்ணீரை ஊற்றினாள். நான் சாமியெல்லாம் கூப்பிட்டேன். இதுவும் போனால் அது என் கையால் போனதுதான் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. விலா ஏறி இறங்குவது மெல்லத் தணிந்தது. மாடு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் முன்கால்களை மடித்து நிமிர்ந்து உட்கார்ந்தது. வாளியில் கொஞ்சம் நஞ்சம் இருந்த நல்ல தண்ணீரை வைத்தோம், குடித்தது. நாத்தனார் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் புடவை முழுக்க மீன் வாடை, சாணி.

அப்போது சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். கன்றின் காம்பை எழுதாமல் விட்டதை, வெள்ளிக்கிழமையே கண்டுபிடித்ததை, ஏழரை என்று போட்டுப் பார்த்து அடுப்பில் எரித்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். அவளைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துச் சொன்னேன். நீங்கள் கடைசியாக வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது அண்ணி என்பதையும் விடவில்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள். "கறக்கிறவ நானு. எத்தினி காம்பு கறந்தேன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லல?"

"நான் சொன்னா மாட்டுக்குப் பரிஞ்சு பேசுறேன்னாரு. நோட்டு உங்கிட்ட இருந்திச்சு. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு கேட்டிருப்பாரு."

"என்னையாவது கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே" என்றாள். "வூட்டுக்கு வந்து கேட்டேன், எல்லாம் சரியா எழுதியிருக்கியான்னு."

டாக்டரின் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டது. அவள் என் தோளைப் பிடித்து எழுந்துகொண்டு, முந்தானையைச் செருகியபடி படலைத் திறக்கப் போனாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இருபது வருடத்தில் அவள் என்னைத் திட்டியிருக்க வேண்டிய நாள் அது ஒன்றுதான்.